வெளியில் போயிருக்கிறார்

இயேசு மரி சூசை துணை

ஆவூர்
தவக்காலம், வியாழக்கிழமை

அன்பு மகன் மெல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், வீடு, கொல்லையில் நிற்கும் முருங்கை எல்லாம் மாதா புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். அமெரிக்காவில் நீயும் மருமகள் ஜாஸ்பினும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலை. போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இதென்ன கடுதாசி என்று சிரிக்காதே. வாரிசுச் சான்றிதழுக்கு உன் கையெழுத்தும் வேண்டும் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள், அந்தக் காகிதங்களைக் கூரியரில் அனுப்புகிறேன், கவரில் இடம் இருக்கிறதே என்று இதையும் வைக்கிறேன். அதுவுமில்லாமல் வீடியோவில் என் கண் கொஞ்சம் கலங்கினாலும் நீ உடனே நெட்வொர்க் சரியில்லம்மா என்று வைத்துவிடுகிறாய். கடுதாசிக்கு நெட்வொர்க் கிடையாது. உட்கார்ந்து முழுசும் படி.

போன வாரம் நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மேல்மாடியில் இருக்கிறவன் அடுப்பை அணைக்காமல் வெளியே போய், தீப்பிடித்து, அதை அணைக்க அடித்த தண்ணீர் முழுக்க உன் வீட்டுக்குள் இறங்கி மெத்தை, கம்ப்யூட்டர் எல்லாம் ஊறிப்போனது என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் போட்டிருக்கிற இன்சூரன்ஸ் சுவருக்கும் கூரைக்கும்தான், உள்ளே இருக்கிற நம் சாமானுக்கு வாடகைக்கு இருக்கிற நாம்தான் தனியாகப் போட வேண்டும் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதுக் கார் வேறு எடுத்திருக்கிறாய். காருக்கும் வீட்டுச் சாமானுக்கும் ஒரே கம்பெனியில் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் குறையும், ரெண்டு கம்பெனி பார்த்து வைத்திருக்கிறேன், எது நல்லதும்மா என்றாய். ஒன்றில் ஆளோடு பேசவே வேண்டாமாம், எல்லாம் போனிலேயே டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடுமாம். இன்னொன்றில் ஒரு அம்மா கூப்பிட்டு வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், வண்டியை யார் யார் எடுப்பீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டாராம். ஜாஸ்பின் பெயரைச் சேர்த்தால் புதுசாக லைசன்ஸ் எடுத்தவள் என்று கட்டணம் எகிறுகிறதாம். அதனால முதல் கம்பெனியிலேயே, நான் மட்டும்தான் ஓட்டுறேன்னு போட்ரப் போறேம்மா, அவ எப்பவாச்சும் கடைக்குத்தான எடுக்குறா என்று சொன்னாய். நான் ம் என்று கேட்டுக்கொண்டேன். என் ம்மை நம்பாதே. அப்படிப் போடாதே. ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

உன் அப்பா போய் இரண்டு ஈஸ்டர் கழிந்துவிட்டது. அவருடைய குட்டியானை லோடு வண்டியை விற்க வேண்டாம், நிலவழகன் ஓட்டட்டும் என்று நீதான் சொன்னாய், என் மனசிலும் அதுதான் இருந்தது. வண்டி நெற்றியில் பங்கிராஸ் என்று சிவப்பில் எழுதியிருக்கிறதே, அது மெயின் ரோட்டில் திரும்பினால் டீக்கடையில் இன்றைக்கும் பங்கிராசு வர்றாரு என்றுதான் சொல்வார்கள். நிலவழகனும் அவரிடம் தொழில் பழகியவன்தானே, வீட்டு முக்கில் திரும்பும்போது அவர் மாதிரியே இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக டீக்கு இரண்டு டம்ளர் எடுக்கும், எடுத்த பிறகுதான் ஒன்றைத் திருப்பி வைப்பேன். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றச் சொல்லி யாரும் சொல்லாமல் இல்லை. நம்ம பக்கத்தில் யார் உடனே மாற்றுகிறார்கள்? அவுக பேர்லயே இருந்துட்டுப் போகட்டும் என்று பட்டாவையும் கரண்டு கனெக்‌ஷனையும் கேஸ் சிலிண்டரையும் செத்தவர் பேரில் வைத்துக்கொண்டுதானே வீட்டுக்கு வீடு குடும்பம் நடக்கிறது. உன் அப்பா அடக்கத்துக்கு மாலை வாங்கி வந்த ஏஜெண்டு அய்யப்பனே, அடுத்த இன்சூரன்சுக்கு வந்தபோது, அண்ணன் பேர்லயே போட்ருவோம்க்கா, வேல சுளுவா முடியும் என்றான். நானும் சரி என்றேன். பெயரை அடிப்பது எனக்கு ஆளையே அடித்துப் போடுவது மாதிரி இருந்தது.

அப்பாவின் போனையும் நான் அணைக்கவில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடுகிறேன், ரீசார்ஜும் செய்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி மெசேஜ் அதில்தான் வரும், அன்புள்ள பங்கிராஸ் என்று ஆரம்பிக்கும். அவர் பிறந்தநாள் ஊரில் ஒருத்தருக்கும் நினைவில்லை, அந்தக் கம்பெனி மட்டும் நீண்ட ஆயுளோடு வாழ்க என்று அனுப்பியது. அங்கிருந்து தேவிப்ரியா என்று ஒரு பொண்ணு கூப்பிடும். பங்கிராஸ் சார் இருக்காங்களா என்று அது முதல் தடவை கேட்டபோது, என்னையறியாமல் வெளியில போயிருக்காரும்மா என்று சொல்லிவிட்டேன். சொன்னது சுகமாக இருந்தது தம்பி, உண்மையைத்தான் எழுதுகிறேன். அடுத்த தடவை குளிக்கிறாரு என்றேன். அதற்கடுத்து கோயிலுக்குப் போயிருக்காரு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு சரிங்கம்மா என்று நம்பும், அது நம்புகிற நேரம் மட்டும் எனக்கும் அவர் கோயிலுக்குத்தான் போயிருப்பார்.

போன கல்லறைத் திருநாளன்று அவர் கல்லறையில் சாமந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறேன், சாமியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருகிறார், என் பைக்குள் இருந்த அவர் போன் அடிக்கிறது. கல்லறைக்கு அதை ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்காதே, எடுத்துப் போனேன். தேவிப்ரியாதான். வண்டி பாலிசி முடியப்போகுதுங்கம்மா, சார் பக்கத்துல இருக்காங்களா என்றது. நான் கல்லைப் பார்த்துக்கொண்டே, இங்கதாம்மா இருக்காரு, இப்பப் பேச முடியாது, எங்கிட்டச் சொல்லு என்றேன். சாருக்கு என் வணக்கத்தச் சொல்லுங்கம்மா என்று வைத்துவிட்டது. நான் குனிந்து, தேவிப்ரியா வணக்கம் சொன்னுச்சுங்க என்று அவரிடம் சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடு. அன்று சாயங்காலம் வீட்டு முக்கில் இரண்டு தடவை ஹாரன் கேட்டது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், வண்டியும் இல்லை, ஒரு ஈ காக்கையும் இல்லை. நிலவழகனுக்கு அன்றைக்கு லீவு, வண்டி கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பூட்டிக் கிடந்தது. எனக்குப் பயமே வரவில்லை. உள்ளே வந்து இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றினேன்.

அந்தப் பாலிசியையும் அய்யப்பன் அவர் பேரிலேயே புதுப்பித்தான். பொங்கல் கழிந்து விராலிமலை ரோட்டில் வண்டி கவிழ்ந்தது உனக்குத் தெரியும். மயில் ஒன்று குறுக்கே பறந்து கண்ணாடியில் மோதியது, கடலை மூட்டை ஏற்றியிருந்த வண்டி பள்ளத்தில் சாய்ந்தது, நிலவழகன் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. இது வரைக்கும் உன்னிடம் சொன்னேன். இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னேன், அதற்கு மேல் நடந்ததைச் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு பையன் வந்தான், உன்னைவிட இளையவன், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான், மரியாதையான பிள்ளை. ஓனர் பங்கிராஸ் சாரக் கூப்பிடுங்கம்மா, ஒரு கையெழுத்து வேணும் என்றான். என் பாழாய்ப்போன வாய், வெளியில போயிருக்காரு தம்பி, இப்ப வந்துருவாரு என்றது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே நிமிர்ந்தான். எனக்குப் பின்னால் சுவரில் உன் அப்பா படம், மாலையோடு, சிவப்பு பல்பு எரிய, கீழே பிறப்பும் இறப்பும் எழுதி. அவன் படத்தைப் பார்த்தான், கையிலிருந்த பெயரைப் பார்த்தான், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டான். எப்பம்மா என்று மட்டும் கேட்டான். அவரு எறந்துட்டாரு தம்பி என்று ஒரு வெளி ஆளிடம் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் வீடு ஒரு மாதிரி அடங்கிப்போனது. அன்றைக்குத்தான் அவரை அடக்கம் பண்ணினது மாதிரி இருந்தது மெல்வின்.

இறந்தவர் பேரில் போட்ட பாலிசி செல்லுமா செல்லாதா என்று கம்பெனி இப்போது யோசிக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கொடுங்கள், பெயர் மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள், உறுதி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி போனால் போகிறது, இரும்புதானே. நிலவழகன் பெரியாஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துக் கிடக்கிறான், இனிமேல் கிளச்சை மிதிப்பானா என்று தெரியவில்லை, அவனுக்கு வர வேண்டிய நஷ்டஈடும் இதில்தான் மாட்டிக்கிடக்கிறது. நான் பார்க்கப் போனபோது அவன் சம்சாரம் சுடர்விழி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் பேர்ல எல்லாம் பக்காவா இருக்குன்னு இவுக சொல்லிக்கிட்டே இருப்பாகக்கா, அண்ணன் எங்களக் கைவிட மாட்டாருல்ல என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். செத்துப்போன மனுஷனை நான் காவலுக்கு நிறுத்தி வைத்திருந்தேன், அந்தக் காவலை நம்பி ஒரு பிள்ளைகுட்டிக்காரன் வண்டி ஓட்டியிருக்கிறான். தேவிப்ரியாவும் கூப்பிட்டது. சாருக்கு வணக்கம்லாம் சொன்னேனேம்மா, அப்பக்கூடச் சொல்லலியேம்மா என்று அழுதது. அதற்கப்புறம் அன்புள்ள பங்கிராஸ் என்று ஒரு மெசேஜும் வரவில்லை, ஹாரன் சத்தமும் கேட்பதில்லை. சாயங்காலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒன்றும் இல்லை.

இப்போது புரிகிறதா ஏன் அப்படிப் போடாதே என்கிறேன் என்று? இல்லாத ஆளை இருக்கிறார் என்று நான் சொன்னேன். நீ கூடவே இருக்கிறவளை இல்லை என்று சொல்லப் போகிறாய். ஜாஸ்பின் அந்தப் பனியில் கடைக்கு எடுத்துப் போகிற நாளில் ஒரு மயிலோ மானோ குறுக்கே வராது என்று உனக்கு யார் சொன்னது? வந்தால், இந்த அம்மா உங்க பாலிசியில இல்லியே என்று ஒருத்தன் கேட்பான், அவள் அடிபட்ட கையோடு தான் யார் என்று அவனுக்கு நிரூபிக்க வேண்டும். கட்டணம் கூடினால் கூடட்டும், குடைந்து குடைந்து கேட்கிற கம்பெனியிலேயே போடு. முன்னாலேயே கேட்கிறவர்கள் நல்லவர்கள், எல்லாம் முடிந்த பிறகு கேட்கிறவர்கள்தான் கழுத்தை அறுப்பார்கள். அவர்களிடம் நீயும் கேள். அடிபட்ட அன்றைக்கு யாரைக் கூப்பிட வேண்டும், போனை ஆள் எடுத்துப் பேசுமா இல்லை மிஷின் பேசுமா. நனைந்துபோன சாமானுக்குப் பழைய விலை தருவார்களா, புதுசு வாங்குகிற விலை தருவார்களா. வீட்டுச் சாமானையெல்லாம் போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பி வை. நீ எடுத்துப் போன அப்பா வாட்சை மட்டும் அதில் சேர்க்காதே. அதற்கு எந்தக் கம்பெனியும் வேறு ஒன்று தராது, அதைக் கையிலேயே கட்டிக்கொள்.

காகிதத்தில் பென்சிலால் சிலுவை போட்டிருக்கிற இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பு, தாமதிக்காதே, நிலவழகன் கால் அதில் இருக்கிறது. ஜாஸ்பினுக்குப் பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன். வெள்ளிக்கிழமையில் கறி சாப்பிடாதே, தவக்காலம் அமெரிக்காவுக்கும் உண்டு. மாதாவும் உன் அப்பாவும் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும்.

இன்னொன்று. இதை எழுதத்தான் மேலே அத்தனையும் எழுதினேனோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் இரண்டாம் பூசை முடிந்து வந்து முக்காட்டை எடுக்கிற நேரத்துக்கு அப்பா போன் அடிக்கும். மகன் என்று வரும், அவர் உன்னை அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். என்னிடம் பேசுவதென்றால் நீ என் நம்பருக்குத்தான் கூப்பிடுவாய், அது எனக்கு வந்த போன் இல்லை என்று நான் எடுப்பதில்லை. முழுசாக அடித்து நிற்கும். நீயும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சார்ஜ் போட்டு வைத்தால்தானே அடிக்கும், யார் போடுகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை வெளியில் அனுப்பி வைத்திருக்கிறோம். அந்த நம்பரை நான் வெட்ட மாட்டேன், பயப்படாதே. ஆனால் இந்தக் கடுதாசி கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு அது அடித்தால் நான் எடுப்பேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடாதே. அப்பா இருக்காரா என்று கேள். இந்தத் தடவை நான் உண்மையைச் சொல்கிறேன். அதற்கப்புறம் நீ அவரிடம் சொல்ல வைத்திருந்ததை எங்கிட்டச் சொல்லு தம்பி.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெபமாலையம்மாள்