மார்பிலே நோய், வயிற்றை ஏன் வெட்ட வேண்டும்?

என் பூரணம்,

என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலே கண்ணை மூடியவளே, அங்கே சுகமாக இருக்கிறாயா? இங்கே உன் மச்சாளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றி இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கித்தான் இதை எழுதுகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ இல்லாத காலத்தில் கிடைத்ததுதான் என் ஆத்திரம்.

இதை அச்சில் போடவும் கொடுக்கப் போகிறேன். "ஐயோ மச்சாள், ஆம்பிளையளும் வாசிப்பினமே" என்று நீ முகத்தை மூடுவாய். வாசிக்கட்டும். முழங்கால், முதுகு என்று எழுதுகிற பேப்பரில் மார்பு என்று எழுதினால் மை வற்றிப் போகுமா?

உன் மகள் வதனி பால் மறந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்து, "மச்சாள், இதில ஒரு கல்லுமாதிரிக் கிடக்கு" என்று என் கையைப் பிடித்து வைத்தாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் பால்கட்டு என்றார்கள். மல்லிகைப்பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டினார்கள். பூக்கட்டினால் பால் வற்றும், அதை நான் மறுக்கவில்லை. உனக்கும் வற்றியது. அந்தக் கல் மட்டும் அப்படியே கிடந்தது.

கட்டு என்றார்கள், கட்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஓர் எழுத்தில் எத்தனை மாதம் போனது! கொழும்புக்கு ரெயில் ஏறும்போது உன் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள். உன் புருஷன், என் தம்பி, அவனும் நீயும் சம்மதித்தீர்கள். நீ அழவில்லை, எனக்குத்தான் உன்னைப் பார்க்க ஏலாமல் இருந்தது. எடுத்தபின் ஊருக்கு வந்து ஒரு மாரிகாலம் நல்லாய் இருந்தாய். பிறகு முதுகெலும்பில் நோ தொடங்கியது. திரும்பவும் அதே ரெயில், அதே டொக்டர்.

அந்த மனிதர் இங்கிலீசில் மளமளவென்று சொன்னார். பக்கத்தில் நின்ற பணியாள் அதைத் தமிழில் இரண்டே சொல்லாக்கினான். "வயித்தத் திறக்கோணுமாம்." நேவிக்காரரின் லோண்டரியில் உடுப்பு அழுத்தி, அவர்கள் எறிந்த பேப்பர்களைப் பொறுக்கி வாசித்து நான் தேடிக்கொண்ட இங்கிலீசில் 'ஓவரீஸ்' என்ற சொல் இல்லை. தம்பி மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் முகம் கறுத்து எழும்பினான்.

"காணும். நான் இவளை வீட்ட கூட்டிக்கொண்டு போறன்."

"டேய் தருமு, டொக்டர் சும்மாவா சொல்லுறார்? வெட்டினா வெட்டட்டும்" என்றேன்.

"உங்கட இங்கிலீசை உங்களோட வச்சிருங்கோ அக்கா. அவர் சொன்னது எனக்கு நல்லா விளங்கினது."

அப்போது நீ என்னைப் பார்த்துக் கேட்டாய். "நோய் மார்பில. வயித்த ஏன் மச்சாள் வெட்டோணும்? நீங்களே சொல்லுங்கோ."

நான் என்ன சொல்ல? எனக்கு யார் சொன்னார்கள்? நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் நீ சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். "அவர் சொன்னா ஓம்தான்." அதற்குப் பிறகு சாகும்வரை என்னைக் கண்டால் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்த ஓமை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, பூரணம். உன் உடம்பு, உன் முதுகு, உன் பிள்ளை. அவன் சொன்னால் உனக்கு ஓமா?

உனக்கு ஆண்பிள்ளை இல்லை. வயிற்றைத் திறந்தால் பிள்ளைப்பை போய்விடும், இனி மகன் பிறக்க மாட்டான் என்றுதான் தம்பி மறுத்தான் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் கதைத்தது. நீ கண்ணை மூடி எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று அவன் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தேன், இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று. ஒவ்வொரு திவசத்துக்கும் போனேன். உன் படத்துக்குப் பூ வைத்தேன். சோற்றில் கை வைக்கவில்லை, ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. அவனும் கூப்பிட்டான் என்று சொல்ல மாட்டேன். அவனும் என் தம்பிதானே, அதே இரத்தம்.

வதனியை நான்தான் படிக்க வைத்தேன் என்று சொன்னால் தம்பி சண்டைக்கு வருவான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவன், புத்தகத்தோடு இருக்க வைத்தது நான். அவளுடைய உயிரியல் புத்தகத்தை அவளைவிட நான் கூட வாசித்தேன். நீ போன பிறகு என் தலைக்குள் கிடந்த 'ஓவரீஸ்' அங்கேதான் தமிழில் வந்தது. சூலகம். பிள்ளைப்பை வேறு, சூலகம் வேறு. முட்டைக் கோழியை வெட்டினால் குலைகுலையாய் மஞ்சட்கரு இருக்குமே, பெண்ணுக்கு அந்த இடம்தான் அது. அங்கிருந்து ஓமோன் என்ற ஒன்று இரத்தத்தில் போகிறதாம். நான் அந்தச் சொல்லை உரக்க வாசித்துக்கொண்டு திரிய, வதனி சிரித்தாள்.

"மாமி, உங்கட வாயில 'ஓம்' எண்டு வந்தது இந்த ஒரு சொல்லிலதான்."

உன் மகளுக்கு உன் முகம், ஆனால் வாய் என்னுடையது.

இப்போது செய்திக்கு வருகிறேன். வதனிக்கு ஒரு பெண் குழந்தை. அதுவும் பால் மறந்துவிட்டது. போன மாதம் வதனி என்னிடம் வந்து, என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தாள். பூரணம், என் கைக்கு அந்தக் கல்லைத் தெரியும்.

தம்பி வீட்டில் அதே கதை. பால்கட்டு, பூவை வைத்துக் கட்டு. ஒருத்தி மல்லிகைப்பூவைச் சுளகில் கொண்டுவந்தும் விட்டாள். நான் சுளகைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். "கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போடுங்கோ, இவளுக்கு வேண்டாம்" என்றேன். தம்பி வாசலை மறித்தான்.

"அக்கா, பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ. இது பால்கட்டுத்தான்."

"பார்த்தனியா?"

"பாக்கத் தேவையில்லை."

"அப்ப நீயும் வா. வந்து டொக்டரிட்ட அதைச் சொல்லு."

வந்தான். இந்த முறை டொக்டர் ஒரு பெண், எங்கள் பாஷை பேசுகிறவர். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று வதனியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் உன் கேள்வியைக் கேட்டேன். நோய் மார்பில் என்றால் வயிற்றை ஏன் வெட்ட வேண்டும்?

அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து எங்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். மற்ற உறுப்புகள் பிறக்கும்போதே முக்கால்வாசி முடிந்து வருகின்றன. மார்பு அப்படியில்லை, அது காத்திருக்கிறது. பெண் வயசுக்கு வரும்போது சூலகத்தின் ஓமோன் வந்து சொல்ல, உள்ளே சிறு குழாய்கள் கிளைவிடுகின்றன. பிள்ளை வயிற்றில் வந்தால் வேறு ஓமோன்களும் சேர்ந்து வர, கிளை நுனியெல்லாம் மொட்டுப்போல் பால் சுரப்பி கட்டுகிறது. பிள்ளை பால் மறந்தால் அதெல்லாம் சுருங்கிவிடுகிறது. ஓமோன் உடம்பு முழுக்கத்தான் ஓடுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு வாங்கி இருக்கிற இடத்தில் மட்டும்தான் அதன் சொல் எடுபடும். சில புற்றுநோய்களிலும் அந்த வாங்கி இருக்கும். அந்த நோய், சூலகம் அனுப்புவதைத் தின்றுதான் வளரும். சூலகத்தை எடுத்தால் அதற்குத் தீன் நின்றுவிடும்.

இவ்வளவுதான் பதில். பார், எத்தனை சின்னது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

"அப்ப வெட்டியிருந்தா அவ தப்பியிருப்பா" என்றேன். தம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"அதைச் சொல்ல ஏலாது அம்மா. கொஞ்சக் காலம் கூட இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார் டொக்டர். வாங்கி இல்லாத நோயும் உண்டாம். அந்த நோய்க்கு வயிற்றை வெட்டினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். கட்டியில் வாங்கி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இப்போதுதான் வெளிநாடுகளில் வந்திருக்கிறது. உன் காலத்தில் அங்கேயும் ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாதாம். ஒரே ஓமோன் சொல்ல, நல்ல மார்பு வளர்ந்து நேரத்துக்கு நிற்கிறதே, நோய் ஏன் நிற்பதில்லை என்று கேட்டேன். வாங்கியை உள்ளே இருந்து முடுக்குவதும் அடக்குவதும் ஏதோ இருக்க வேண்டும், அதைத்தான் தேடுகிறார்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு டொக்டரை அன்றுதான் கண்டேன்.

உன் நோய் எது, பூரணம்? வாங்கி இருந்ததா, இல்லையா? இத்தனை வருஷமாய் நான் பிடித்துக்கொண்டிருந்த கோபத்துக்கு அடியில் நிலம் இருந்ததா? இதற்குப் பதில் உன்னோடு எரிந்துவிட்டது.

வதனியை உள்ளே கூட்டிப்போனார்கள். தம்பியும் நானும் வெளியே ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். வாங்கில் இருந்துகொண்டு வாங்கியைப் பற்றிக் கதைத்தோம், அதுவும் வேடிக்கைதான். அவன் துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டி, கப்பலின் கயிற்றை மிதவைக்குக் கொண்டுபோய்க் கட்டியே தலை நரைத்தவன். தொப்பியை மடியில் வைத்துவிட்டு என்னைக் கேட்டான்.

"மிதவை இல்லாட்டிக் கப்பலைக் கட்டேலாது. அதுதானே அக்கா இந்த வாங்கி?"

"அதேதான்."

"அப்ப வயித்தை ஏன் வெட்டுவான்? பழைய சரக்குப் பார்ஜ் ஒண்டை முந்தியே மிதவையில கட்டிவிட்டா, கப்பல் வந்து சும்மா சுத்திப்போட்டுப் போயிடுமே."

டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அதைக் கேட்டு நின்றுவிட்டார். அப்படி வாங்கியில் போய் முன்கூட்டியே குந்திக்கொள்கிற ஒரு மருந்துக் குளிசை வந்திருக்கிறதாம். உன் புருஷனுக்கு விளங்காதது ஒன்றுமில்லை, பூரணம். அவனுக்கு விளங்கும்படி அன்று ஒருவரும் சொல்லவில்லை.

வதனியின் கட்டியில் ஊசி போட்டு இழுத்தார்களாம். வந்தது பால். வெறும் பால், கட்டியும் வற்றிப்போனது. ஒரு குழாய் அடைத்துக்கொண்டு பால் தேங்கியிருந்ததாம்.

"நான் சொன்னனான், பால்கட்டு எண்டு!" தம்பி வாங்கில் இருந்து துள்ளி எழும்பினான்.

"சொன்னனீ. பார்த்துச் சொன்னனியா?"

"மாமி தோத்தாலும் விடமாட்டா" என்று வதனி அழுதுகொண்டே சிரித்தாள். நான் தோற்கவில்லை. ஊசியால் பார்த்த பிறகு பால்கட்டு என்றால் அது பால்கட்டு. பார்க்காமல் சொன்னால் அது கட்டி.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோதுதான் தம்பி அதைச் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல், கோணேசர் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு.

"அக்கா, அண்டைக்குக் கொழும்பில அந்த டொக்டர் 'ஓவர்' எண்டுதானே சொன்னவர்?"

"என்ன ஓவர்?"

"ஓவர். நேவிக்காரன் வேலை முடிஞ்சாக் கத்துவானே. எல்லாம் முடிஞ்சுது எண்டு அவர் சொல்லுறார், பிறகேன் அவளைக் கிழிப்பான் எண்டுதான் நான் எழும்பினனான். அவளுக்கு அதை எப்படிச் சொல்லுறது? உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும், உங்களுக்கும் விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்."

ஓவரீஸ். ஓவர்.

மகன் வேண்டும் என்றா மறுத்தான்? இல்லை. முடிந்துவிட்டது என்று அவன் மட்டும் கேட்டான். அதை உனக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், நான் அவன் முற்றத்தில் நின்று பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, இத்தனை காலம் தனியே வைத்திருந்தான். நீ அன்று ஓம் என்றபோது அவன் முகத்தில் எதைக் கண்டாய்? உனக்குத் தெரிந்திருந்ததா? அதனால்தான் என்னோடு பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாயா?

நான் தம்பிக்கு 'ஓவரீஸ்' என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் அதை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பஸ் வந்தது. வதனிக்கு ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் நானும் இருந்தோம்.

பூரணம், உன் மகளுக்கு ஒன்று என்றால், அவளுக்கு விளங்காத சொல்லுக்கு அவளை ஓம் சொல்ல விடமாட்டேன். டொக்டராய் இருந்தாலும் தம்பியாய் இருந்தாலும், விளங்கும்வரை வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். அவள் மகளுக்கும் அப்படித்தான். எனக்குக் கண் முழுதாய் மங்கினாலும் வாய் இருக்கிறது.

வருகிற மாதம் உன் திவசம். உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியை வதனி வைப்பாள். தம்பி வாழையிலை வெட்டுவான். எனக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அந்த ஓமுக்கு நான் உன்னோடு இன்னும் கோபம்தான். ஆனால் அன்று அந்த வீட்டில் கை நனைப்பேன்.

இப்படிக்கு,
உன் புருஷனின் அக்கா, வதனியின் மாமி,
என்றைக்கும் உன் மச்சாள்.