ஆறு குதிரையும் இருக்கணும்

கோவளம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் அனமுக்கு அம்மாவோட ஸலாம். அல்லாஹ் காவல்ல நானும் அத்தாவும் சுகமா இருக்கோம், அந்த அயர்லாந்து குளிர்ல உன் உடம்பையும் மனசையும் அவனே பாத்துக்கணும்.

நேத்து நீ போன்ல அழுதது இன்னும் காதுலயே இருக்கு. ஸ்டெம் செல் ஊசி போட்ட குதிரைங்கள்ல ஆறுக்குக் கால் குணமாகலை, அந்த ஆறையும் விட்டுட்டு ஆராய்ச்சிக் கட்டுரையில கையெழுத்துப் போடுன்னு உன் ப்ரொபசர் சொல்றாராமே. அத்தாவோ பெரிய மனுஷங்க பகை எதுக்கு, போட்டுட்டு படிப்பை முடிக்கச் சொல்லுன்னு சொல்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

நம்ம குதிரை மின்னலை நினைச்சுப் பாரு. பீச்சுல சவாரி போறப்போ பள்ளத்துல கால் மாட்டி ஜவ்வு கிழிஞ்சதும், ஊரப்பாக்கம் பக்கத்துல இதே ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்குது கூட்டிட்டுப் போம்மான்னு நீதானே சொன்னே. லோடு வண்டியில ஏத்திட்டுப் போனேன். அதோட நெஞ்செலும்புலேருந்தே செல் எடுத்து மூணு வாரம் லேப்ல வளத்து காயத்துல போட்டாங்க. குதிரைக்கு வந்த வாழ்வைப் பாருன்னு தெருவே சிரிச்சுது. பத்து மாசம் கயித்தைப் பிடிச்சு நானே நடத்தினேன், குணமாகலை. கடைசி ஸ்கேன் அன்னிக்கு அங்க வைத்தியம் பாத்த டாக்டர் சுப்ரஜா முகத்தைப் பாக்க முடியாம, கொஞ்சம் பரவாயில்லைன்னு எழுதிக்கோம்மான்னு நானே சொல்லிட்டேன், அந்தப் பொண்ணு உழைச்ச உழைப்பு அப்படி. அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு, அக்கா, நான் பொய் எழுதினா நாளைக்கு இன்னொருத்தர் குதிரைக்கும் வீணா ஊசி குத்துவேன்னு சொன்னாங்க. என் கண்ணு முன்னாடியே பலன் இல்லைன்னு எழுதினாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. வண்டியில அழுதுகிட்டே வந்தேன், ஆனா அவங்க மேல கோவம் வரலை. மின்னல் இப்பவும் நொண்டிக்கிட்டு கொட்டகையிலதான் இருக்கு, விக்க நான் விடலை.

அதனால கையெழுத்துப் போடாதே. அந்த ஆறையும் யாரோ ஒருத்தி கயிறு பிடிச்சு நடத்தியிருப்பா. உன்னை நிறுத்தினா நிறுத்தட்டும், பட்டமில்லாம வந்தா ஊர் பேசும்னு பயப்படாதே, பேச்சு கேட்டு எனக்குப் பழக்கம்தான். ப்ரொபசருக்கு மரியாதையாவே எழுது, ஆனா ஆறும் இருக்கணும்னு எழுது. எழுதறதுக்கு முன்னாடி வயிறாரச் சாப்பிடு, பசியோட எழுதினா கோவம்தான் வரும்.

உன் கையும் வாக்கும் நேரா நிக்க அல்லாஹ் துணை இருப்பான். இதை அத்தாகிட்ட படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், என் பேரையும் சேத்துப் போடுன்னார்.

உன் அம்மா சபீஹா,
அத்தா அக்தர்.