சீனியம்மாவின் கழுதை வந்த வழி

10.7.2006, திங்கள்

காலையிலிருந்தே காற்று. மல்லாங்கிணறு கால்நடை மருந்தகத்து ஜன்னல் கொக்கி மறுபடி கழன்றுவிட்டது. கட்டுக்கம்பி வாங்க வேண்டும். ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து. காய்ச்சலில் ஓர் எருமை. மதியச் சாப்பாட்டில் பாதி மண்.

சாந்தி போன். கல்லூரியில் என் அறைத்தோழி, இப்போது வடக்கே ஓர் ஆய்வகத்தில் கால்நடை மரபணு வேலை. நம் பக்கத்துக் கழுதைகளின் ரத்தம் வேண்டுமாம். "கழுதையா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக் கழுதைகள் எல்லாமே ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதைகளின் வழி என்று மரபணு சொல்கிறதாம். குஜராத்தில் கட்ச் பக்கம் நம் நாட்டுக் காட்டுக் கழுதையே இருக்கிறதே என்றேன்.

"அது வேற இனம்டி. நம்ம ஊர்க் கழுதை அதோட வாரிசு இல்ல."

அப்படியானால் யாரோ கூட்டி வந்திருக்கிறார்கள். யார்? "அதைத்தான் தேடுறோம். எழுதி வைக்காம போன ஜனங்க. அவங்க நடந்த தடம் கழுதை ரத்தத்துல இருக்கு."

மாலை கண்மாய்க் கரைக்குப் போனேன். மாடசாமி, சீனியம்மா. ஊர் ஊராகப் போய்க் கைப்பிள்ளைகளுக்குக் கழுதைப்பால் விற்கும் புருஷன் பெண்டாட்டி. இருப்பது ஒரே கழுதை, நிறைசினை. அது ஈன்றால்தான் பால், பிழைப்பு. கேட்டேன். மாடசாமி கும்பிட்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. இப்பம் ரத்தம் எடுத்தா எளைச்சுப் போகும்."

வற்புறுத்தவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

12.7, புதன்

கை இன்னும் வலி. பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

முதல் பஸ்ஸில் இறங்கினால் மருந்தக வாசலில் சீனியம்மா. "இப்பத்தான் பனிக்குடம் உடைஞ்சுச்சு. ஒரு காலுதான் தெரியுது. ஓடியாங்க."

ஓடினேன். பசுவுக்கு எத்தனையோ பார்த்தாயிற்று. கழுதைக்கு ஒருதடவைகூட இல்லை. குதிரைக்குக் கல்லூரியில் ஒரே ஒரு முறை, அதுவும் கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்தது. மாட்டுக்கு மாதிரி பொறுத்திருக்க முடியாது, தாமதித்தால் குட்டி போய்விடும் என்பது மட்டும் நினைவிருந்தது.

கழுதை படுத்திருந்தது. மாடசாமி அதன் தலையை மடியில் வைத்துக் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். கையை விட்டுப் பார்த்தேன். ஒரு முன்னங்கால், மூக்கு. இன்னொரு கால் முட்டியில் மடங்கி உள்ளே. முக்கல் நிற்கும் நேரம் பார்த்துக் குட்டியைத் தள்ளினேன்.

"இழுக்காதீக தாயி!" என்றாள் சீனியம்மா.

"இழுக்கல. உள்ள தள்ளுறேன்."

"வெளிய வர வேண்டியத உள்ள தள்ளுறீகளே!"

குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையில் பொத்தி, மடிப்பை எடுத்து, நீட்டி. அடுத்த முக்கலில் மொத்தமும் என் மடியில் வந்து விழுந்தது. அசைவில்லை. வைக்கோலால் தேய்த்தேன். மூக்கில் ஒரு துரும்பை விட்டேன். தும்மியது!

பெட்டைக் குட்டி.

சீனியம்மா அழுதாள். நானும்தான், இங்கே ஒளிப்பானேன்.

நனைந்த முதுகில் ஒரு கறுப்புக் கோடு. தோளில் குறுக்கே இன்னொன்று. தாய்க்கும் அதே. எத்தனை கழுதைகளில் பார்த்திருப்பேன், ஒருநாளும் கவனித்ததில்லை. காட்டுக் கழுதைகளின் படங்களைச் சாந்தி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். கட்ச் கழுதைக்குத் தோளில் கோடு கிடையாது. ஆப்பிரிக்கக் கழுதைக்கு உண்டு.

அதற்குள் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்துவிட்டார். "எந்த ஊருலே நீங்க? இன்னைக்கே இடத்தக் காலி பண்ணணும்." மாடசாமி எழுந்து துணியைச் சுருட்டத் தொடங்கினார், பழகிப்போன கை. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "தாயும் குட்டியும் ரெண்டு நாளைக்கு நகரக் கூடாது. கேட்டா டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க." தோள்வரை ரத்தமாக இருந்த என் கையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்காரர் போய்விட்டார்.

13.7, வியாழன்

நஞ்சுக்கொடி முழுதாக விழுந்துவிட்டது. குட்டி பால் குடிக்கிறது. காம்பை விட்டுவிட்டு அம்மாவின் முட்டியையும் சப்புகிறது. தூரத்தில் வெடிச் சத்தம், ஏதோ பட்டாசுக் கம்பெனியில் சோதனை போலிருக்கிறது. குட்டிக்குக் காது மட்டும் திரும்பியது.

மாடசாமி தானாகவே, "அன்னைக்கு ரத்தம் கேட்டீகளே, எடுத்துக்கிடுங்க" என்றார். கழுத்து நரம்பில் ஒரு குழாய் அளவு. கழுதை ஒரே ஒரு பெருமூச்சு. ஐஸ் பெட்டி, பார்சல். முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜன்னல் கொக்கி இன்னும் அப்படியே.

16.7, ஞாயிறு

வீட்டில். துணி துவைத்தேன். இவர் சிவகாசியில் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து கழிவுத்தாளில் ஓர் உலகப் படம் கொண்டுவந்தார். பள்ளிக்கூட ஆர்டர். அச்சில் நீல மை விலகிவிட்டதால் கடல் கொஞ்சம் கரையேறியிருக்கிறது. தரையில் விரித்து இருவரும் உட்கார்ந்தோம். ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் ஒரு புளியங்கொட்டை வைத்தேன். விருதுநகரில் ஒன்று.

"நடுவுல செங்கடல் இருக்கே. கழுதை நீந்துமா?" என்றார்.

"மேல சுத்தியும் வரலாம். படகுலயும் வந்திருக்கலாம். தெரியல."

படகில் ஏற மறுக்கும் கழுதையையும், பின்னாலிருந்து தள்ளும் ஆளையும் நினைத்துச் சிரித்தோம்.

சாந்தி பார்க்கப்போவது தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் மரபணு. ஆண் குட்டிக்கும் போகும், அதோடு நின்றுவிடும். தாய், மகள், அவள் மகள் என்று ஐயாயிரம் வருஷம் போல. இடையில் எங்காவது ஒரே ஒரு பெட்டைக் குட்டி பிழைக்காமல் போயிருந்தால் கண்மாய்க் கரைக் கழுதை இல்லை. பாலைவனம், பஞ்சம், ஆறு, சண்டை, எல்லாவற்றிலும் யாரோ தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். பெயர் தெரியாத கைகள். புதன்கிழமை அங்கே இருந்தது என் கை.

சாதம் குழைந்துவிட்டது. இவர் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டார்.

3.12, ஞாயிறு

மழை விட்டு வெயில். நேற்று சாந்தி போன். தாய்வழி ஒத்துப்போகிறதாம். வடகிழக்கு ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதைகளின் கூட்டம். "நூத்துல ஒண்ணுடி இது, பெரிய விஷயம் இல்ல" என்றாள். அவளுக்கு அப்படி.

மாடசாமியும் சீனியம்மாவும் இப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. இவர் வண்டியில் கூட்டிப்போனார். பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் இன்று வீட்டில். தெரு முழுக்கத் துணி காய்கிறது. "கழுதைப்பாலே" என்று மாடசாமியின் குரல் முதலில், பிறகு கழுதை, பிறகு தெருவையே அளந்துகொண்டு குட்டி. என்ன உயரம்!

சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்கா, தாய்வழி, எல்லாம். மாடசாமி கழுதையைத் தலையிலிருந்து வால்வரை புதிதாகப் பார்த்தார். "அம்புட்டுத் தூரமா? இது சாத்தூர் போகவே மொரண்டு பண்ணுமே."

சீனியம்மா சிரிக்கவில்லை. பால் கறந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒத்த வருசத்துலயா வந்துச்சு?"

"இல்லம்மா. கொஞ்சம் கொஞ்சமா. இது அம்மா, அது அம்மா, அதோட அம்மான்னு ஆயிரக்கணக்கான வருஷம்."

"அப்பம் வழியிலேயே ஈனி ஈனித்தான வந்திருக்கும்?"

"ஆமா."

"ஒவ்வொரு ஈத்துக்கும் எவளாச்சும் ஒருத்தி பக்கத்துல நின்னு கத்தியிருப்பாளே டாக்டரம்மா, என்னய மாதிரி."

அவர்கள் அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். இவர் வண்டியைக் கிளப்பவில்லை.