பின்பக்கம் எழுதாத கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் இந்த வீட்டில் காலையும் மாலையும் பேச்சு. உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நீ எழுதவில்லையா, எழுதியது வெளியே வரவில்லையா என்று தெரியவில்லை. சிறைக்கு வந்து உன்னைப் பார்க்க மூன்று முறை மனு போட்டேன், மூன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் நம் வாசலைத் தலை குனிந்தபடி தாண்டிப் போகிறார். பாவம், அவர் என்ன செய்வார்.

உன் அக்கா தலைமை ஆசிரியை ஆகிவிட்டாள். இனிமேல் வீட்டிலும் மணி அடித்தால்தான் சோறு என்று அம்மா கட்டிலில் இருந்தபடியே கேலி செய்தாள். உன் வழக்கைப் பற்றி எழுதக் கூடாது, எழுதவில்லை.

போன புதன்கிழமை தீவுக்குப் போய் வந்தேன். நான் வேலை பார்த்த சிறைதான், இப்போது அருங்காட்சியகம். இருபத்திரண்டு வருடம் அரசாங்கப் படகில் போய் வந்தவன், டிக்கெட் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் "முதல் தடவையா வர்றீங்களா ஐயா? படகுல ஓரமா உக்காராதீங்க" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

வார்டர்கள் சாப்பிட்ட கூடத்தில் காப்பிக் கடை வந்திருக்கிறது. கைதி எண் போட்ட கோப்பைகள் விற்கிறார்கள். ஒரு குடும்பம் கைதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோய், கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். காவலாளி ஓடி வந்து திறந்துவிட்டார்.

என் வேலை என்ன என்று உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. ஆபீஸ் வேலை என்று மழுப்பிவிடுவேன். கைதிகளுக்கு வரும் கடிதங்களைப் படித்து, ஆகாத வரிகளை பிளேடால் வெட்டி எடுப்பதுதான் அது. வெட்டியதைத் தூக்கி எறியக் கூடாது. பதிவேட்டில் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். வழக்குச் சங்கதி, ஊர்ச் செய்தி, நோய், சாவு எதுவும் உள்ளே போகக் கூடாது. கைதி மனம் கலங்கி ரகளை செய்வான் என்று காரணம் சொன்னார்கள், நானும் நம்பினேன். எனக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். அம்மா எதையாவது நீட்டிச் சொல்லும்போது நான் அவசரப்படுத்தினால், "வீட்டுலயும் வெட்டாதீங்க" என்பாள்.

தீவுக்கு என்னை அனுப்பியதே அம்மாதான். உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நீ இருக்கும் இடத்திலும் கடிதத்துக்கு எங்கள் பழைய விதியேதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "நீங்கதான் அதுல கரைகண்டவராச்சே, மாட்டாத மாதிரி எழுதத் தெரியாதா?" என்று அம்மா என்னைத் துளைத்து எடுத்தாள். பழைய பதிவேட்டைப் பார்த்தால் ஏதாவது வழி கிடைக்கும் என்று நம்பிப் போனேன்.

பதிவேடு கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து கிடந்தது. சமையல் குறிப்பு மாதிரி எழுதியது, தாலாட்டு மாதிரி எழுதியது, எழுத்துக்கு அடியில் ஊசியால் குத்தியது என்று எத்தனையோ தந்திரம். எல்லாம் நான் பிடித்தவை. பிடிபடாமல் போனது வெட்டுப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? இந்தச் சின்னப் புத்திகூட இல்லாமல் கடலைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பக்கத்தின் நடுவில் ஒரு துண்டு. ஏழே சொல். கீழே என் கையெழுத்து. அந்தத் துண்டு இருந்த கடிதத்தை எதிர்ச் சுவரில், இரண்டு கண்ணாடிக்கு நடுவே, ஓட்டையோடு மாட்டியிருக்கிறார்கள். ஒரு அப்பா மகனுக்கு எழுதியது. சுற்றிக் காட்டும் பெண் விளக்கம் சொன்னாள். அந்தக் கைதி எதுவும் தெரியாமல், அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பதில் எழுதினாராம். அது வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை. சுவரில் இருந்த அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் கைதியின் சின்ன மகள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறாள். அதில் முதல் எழுத்துதான் மிச்சம். ஒரு வரியை வெட்டினால் பின்னால் இருப்பதும் சேர்ந்து போகும் என்பது எனக்குத் தெரியும். நான் திருப்பிப் பார்த்ததில்லை.

கூட்டத்தில் ஒரு அம்மாள் "இதை வெட்டினவன் நல்லா இருப்பானா?" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன்.

திரும்பும் படகு நாலு மணிக்குத்தான். இரண்டரை மணி நேரம் மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடம் அங்கே கிடந்தவனுக்கு, வெளியே போக முடியாது என்றால் என்ன என்று அன்றுதான் உறைத்தது. அதுவும் நாலு மணிக்குப் படகு வரும் என்று தெரிந்திருந்தும். உன்னை நினைத்து அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

இனி, இதைப் படிக்கும் அலுவலர் அவர்களுக்கு. ஐயா, நானும் உங்கள் நாற்காலியில் இருந்தவன். உங்களை ஏமாற்ற வழி தேடித்தான் போனேன், கிடைக்கவில்லை. அதனால் கேட்டே விடுகிறேன். சொல்ல வேண்டியதை, அன்று நான் வெட்டிய அதே ஏழு சொல்லில், கையெழுத்துக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதை வெட்டினாலும் ஓட்டையைப் பார்த்து என் மகன் ஊகித்துவிடுவான். ஆனால் அவன் ஊகிக்க வேண்டாம், அப்பா சொல்லித் தெரிந்துகொள்ளட்டும். கடிதத்தையே நிறுத்தி வைக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதும் அறிவேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. பிளேடை எடுக்கும் முன் அந்த வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

கண்ணு, நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் வாசல் சீக்கிரம் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மாவுக்கு முடியவில்லை. உன்னையே கேட்கிறாள். ஒரு வரி எழுது.