சிக்னல் அறுந்தால் நிற்கச் சொன்னாயே

என் அருமை அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இந்தக் கடிதத்தை ஒரேயடியாக உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன்.

உன் வண்டியைப் பற்றித்தான். நாம் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், வெட்டிய துணிக்கட்டுகளைத் தையல் லைனுக்குச் சுமந்துபோக நீ செய்த குட்டி ரோபோ வண்டி. சுவரில் நீ மாட்டிய மூன்று பெட்டிகளின் சிக்னலை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று அது தெரிந்துகொள்ளும். சிக்னல் அறுந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும்படி எழுதிவைத்திருந்தாய். சாயப்பட்டறையிலிருந்து ஈரம் காயாத மூட்டைகள் வந்து இறங்கினால் போதும், அந்த ஈரம் மறித்து சிக்னல் அறுந்துவிடும். ஷிப்டுக்குப் பத்துத் தடவை நின்றது. "உங்க அண்ணன் வண்டி இன்னிக்கும் விரதமுங்களா?" என்று லைனில் கிண்டல் செய்தார்கள். நீ இருந்தவரை சிரித்துக்கொண்டேன். அப்புறம் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் புரோகிராமில் கை வைத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும், பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, வந்த தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே போகும்படி மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். கூட்டித் துடைத்த தரை, ஒரு மிஷினும் ஓடவில்லை. வண்டி அழகாகத் திரும்பியது. லீவு நாளில் பஞ்சு பறக்காது என்பது, இத்தனை வருடமாகப் பஞ்சிலேயே மூச்சு விடுகிற எனக்கு ஏன் தோன்றவில்லை?

செவ்வாய்க்கிழமை சிக்னல் அறுந்த நேரத்தில், பின்சக்கரத்தில் பஞ்சு சுற்றி இறுகி, அது சுழலாமல் இழுபட்டே போயிருக்கிறது. சுற்றுக் கணக்கு ஏறாததால் திருப்பம் இன்னும் வரவில்லை என்று நினைத்த வண்டி, நேராகப் போய் அயர்ன் டேபிளில் மோதியது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த சாந்தியக்காவின் மேல் அயர்ன் பாக்ஸ் சரிந்து, புறங்கை வெந்துவிட்டது.

"யாரு எழுதுன புரோகிராமுங்க அது?" என்று மேனேஜர் கேட்டார்.

"எங்க அண்ணன் எழுதுனதுங்க" என்றேன்.

எப்படி அண்ணா அது என் வாயில் வந்தது? நீ வந்து மறுக்கமாட்டாய் என்ற தைரியம்தானே? மேனேஜர் விபத்து நோட்டில் உன் பெயரை எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுச் சாயங்காலம் சாந்தியக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு எனக்கு டீ வைத்துக் கொடுத்தார். "உங்க அண்ணன் தெரிஞ்சா பண்ணியிருப்பாரு? போனவரப் போயி குத்தஞ் சொல்லலாமா, உடு கண்ணு" என்றார். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்துவிட்டேன். இதைவிடக் கேவலம் உண்டா?

அவர் உன்னை மன்னித்துவிட்டார் அண்ணா, நீ செய்யாத தப்புக்கு.

இன்று ஷிப்டு தொடங்குவதற்குள் சாந்தியக்காவிடம் சொல்வேன், பிறகு மேனேஜரிடம். வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த நோட்டில் உன் பெயரை அடித்துவிட்டு, என் பெயரை என் கையாலேயே எழுதுவேன். இது உன்மேல் சத்தியம்.

பொய் சொன்ன உன் தங்கச்சி,
கவிதா