கதவு வைத்த இருக்கை

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் அம்மாவைச் சம்பளமில்லாத ஆயாவாக்கினான். அது வெளியே தெரியாமல் இருக்க, படுத்துக்கொண்டே வரும் விமான டிக்கெட்டை லஞ்சமாகக் கொடுத்தான்.

வீட்டில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணி நந்தினியின் பிரசவத்துக்கு அமெரிக்கா போன அம்மா, அங்கே ஆறு மாதம் குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்து, துணி மடித்துவிட்டு நேற்றுதான் வேங்கிக்கால் வந்து சேர்ந்தாள். வந்ததும் முதலில் பேசியது பேத்தியைப் பற்றி இல்லை.

"சீட்டுக்குக் கதவு இருந்துச்சுடா ஆதவா."

அப்பா சிரித்தார். நானும்.

ஜூன் 24

அந்த இருக்கைகளை யூடியூபில் பார்த்தேன். ஒருவர் கால் நீட்டிப் படுக்கிற இடத்தில் பின்னால் நான்கு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிறார்கள். நடுவில் ஒரு திரை. இழுத்துவிட்டால் பின்னால் இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். கோயிலில் சிறப்பு தரிசன வரிசையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகாயத்திலும் அதே வரிசைதான்.

"பின்னால இருந்தவங்கள பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் பாக்கல. என்னையும் யாரும் பாக்கல. அதாண்டா நல்லா இருந்துச்சு."

இப்படிப் பேசினால் இவளிடம் எதை விவாதிப்பது?

ஜூன் 25, புதன்

இன்றைக்கும் அதே கதை. பட்டனை அமுக்கினால் சீட்டு நீட்டமாகப் படுத்துக்கொள்கிறதாம். கால்களை நுழைக்க ஒரு பொந்து. போகும்போது விமானம் கிளம்பும் முன்பே படுத்துவிட்டாளாம். பணிப்பெண் வந்து கெஞ்சி உட்காரவைத்தாளாம். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணே மெத்தையும் போர்வையும் விரித்துக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு இன்னொருத்தர் படுக்க போட்டுக் குடுத்தது இதான்டா மொத தடவ."

"நல்லாத் தூங்கினியா?"

"எங்க தூங்கினேன்? தூங்கிட்டா அது தெரியாமப் போயிடும்ல? கதவ சாத்திகிட்டு சும்மா முழிச்சிகிட்டே படுத்திருந்தேன். காபி கொண்டாந்த பொண்ணு கூட, கதவத் தட்டி, வரட்டுமான்னு கேட்டுதான் வந்துச்சு."

கால் வீக்கமும் இல்லை. அது மட்டும் நல்ல விஷயம்.

ஜூன் 30

அம்மா குளியலறையில் அதிக நேரம் இருக்கிறாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

என் அறையைக் கேட்கிறாள்.

இந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே அறை மாடியில் இருக்கும் என்னுடையதுதான். கீழே அப்பாவின் அறையில் பீரோ, சாமி படம், மருந்து டப்பா எல்லாம் இருப்பதால் எல்லோரும் போய் வருவார்கள். அம்மா எப்போதும் கூடத்தில், சமையலறை வாசலை ஒட்டிப் படுப்பாள். இதுவரை நான் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

"பௌர்ணமி அன்னிக்கு மட்டும் குடுடா. நீதான் பசங்களோட கிரிவலம் போயிடுவ இல்ல."

தேர்வுக்குப் படிக்கிறேன், புத்தகமெல்லாம் கலைந்துவிடும் என்றேன். அப்பா பேப்பரைவிட்டுத் தலை தூக்காமல், "இவ்ளோ நாளு எங்க படுத்திருந்த?" என்றார்.

பொய்தான் சொன்னேன். பசங்க பைகளை வைப்பதும், நடந்துவிட்டு வந்து விழுவதும் அந்த அறையில்தான்.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

மதியமே கன்னியம்மாள் அத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் நிறைய ஆட்களோடு வந்துவிட்டாள். மாதா மாதம் இதுதான். சொந்தக்காரன் எவனுக்குப் புண்ணியம் வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, பாய், கழிவறை. அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றபடி இருந்தாள்.

"என்னா வேதா, ஏரோப்ளேன்ல படுத்துகினே வந்தியாமே?" என்றாள் அத்தை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். கதை அந்தச் சீட்டுக் கதவு வரைக்கும் வந்தது.

"கதவ சாத்திகினு தனியா என்னா பண்ண?"

"சும்மா இருந்தேன் அண்ணி."

"சும்மா இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?"

கூடமே சிரித்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஆதவா, மேல போய் செத்த நேரம் படுத்துக்கவா? கால் கடுக்குது."

நான் சொன்னேன்: "பிசினஸ் கிளாஸ் ஃபுல்லும்மா. எகானமில அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அன்றைக்கு எழுந்த பெரிய சிரிப்பு அதுதான். அம்மாவும் சிரித்தாள். சுவரோரம் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அத்தை மருமகள் தன் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

ஜூலை 11

அம்மா இன்று மாடிக்குக் காபி கொண்டுவரவில்லை. படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணனிடம் போனில் கேட்டே விட்டேன். "ஆயா வேலைக்கு அம்மாவா கெடச்சாங்க உனக்கு? டிக்கெட்ட காட்டி ஏமாத்திட்ட."

அண்ணன் சொன்னான்: "வேல வாங்கினது நெசம்தான்டா. இல்லன்னு சொல்லல. ஆனா இங்க அவங்களுக்கு ஒரு ரூம் இருந்துச்சு. உள்ள போறதுக்கு முன்னாடி நாங்க கதவத் தட்டுவோம். நீ குடுத்தியா?"

அம்மா இவனிடம் சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி. என்ன வார்த்தையில் சொல்லியிருப்பாள்?

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி. பௌர்ணமி

அம்மா வீட்டில் இல்லை.

எல்லோருக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு ஒரு துணிப்பையோடு போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னது: "நாளைக்கு வரேன்." அத்தை எச்சில் தட்டோடு நின்று, "எவ வீட்ல நடக்கும் இந்தக் கூத்து?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

போன் செய்தேன். எடுத்தாள். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடும் ஒரு வீட்டில் இருக்கிறாளாம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆதிலட்சுமி, அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே ஓர் அறையை எடுத்திருப்பவள் மார்கழியில்தான் திரும்பி வருவாளாம், அதுவரை அறை சும்மா கிடக்கிறதாம்.

"அங்க என்னம்மா பண்ற?"

"சும்மா இருக்கேன்டா."

ஆகஸ்ட் 10

காலையில் வந்தாள். தலை குளித்து, முகம் தெளிவாக இருந்தது. அப்பா பேப்பரைவிட்டுத் தலை தூக்கவில்லை. அம்மா நேராகப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "தூங்கினேன்டா," என்றாள், நான் கேட்காமலே. "நல்லா தூங்கினேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புத்தகங்களைக் கீழே இறக்கினேன். அறையைக் கழுவி, என் கட்டிலில் புது மெத்தை விரிப்பு போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"வேணாம்பா. நீ படி."

பா! சண்டைக்காரனிடம் பேசுகிற மரியாதை. ஒரு டா போட்டுத் திட்டியிருக்கலாம்.

இப்போது அந்த அறையில் நானும் படுப்பதில்லை. யாருக்குமில்லாமல் கிடக்கிறது.

செப்டம்பர் 7

இந்தப் பௌர்ணமிக்குக் கிரகணம். அத்தை வரவில்லை. யாருமே வரவில்லை. கூடம் காலியாக இருந்தது. அப்படியும் அம்மா போனாள்.

அக்டோபர் 6, திங்கள். பௌர்ணமி

அம்மா இப்போதெல்லாம் வாரத்தில் நான்கு நாள் அங்கேதான். இன்று பௌர்ணமிக்குச் சமைக்கக்கூட வரவில்லை. வேன் வந்து நின்றதும் அப்பா, "போய்க் கூட்டினு வாடா, மானம் போவுது," என்றார். நான் மானத்துக்காகப் போகவில்லை. அந்தச் சிரிப்புக்காக, எகானமி என்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். செங்கம் சாலை முழுவதும் வண்டியில் அந்த மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆதிலட்சுமி வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"படுத்திருக்காங்க. எழுப்பாத."

"அவங்க எங்க அம்மா, அக்கா."

"உனக்கு அம்மா. எனக்கு ரூம்காரங்க."

விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பச்சை பெயிண்ட் அடித்த கதவு. வெளியே அம்மாவின் செருப்பு. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம். தட்டினேன். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வரட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். மன்னிச்சுடும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு. அதையும் கத்தினேன் — பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

"அம்மா, கதவத் தொற!"