சூடு போட வராதவள்

தலைநகர்
ஏப்ரல் 26

அன்புள்ள டெஸ்,

காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. தேர்தல் முடியும்வரை உங்கள் வீட்டாரோடு போனில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று அப்பாவின் பிரசாரக் குழு சொல்லிவிட்டது. தபால்காரர் ஒருவர் இருப்பது அவர்களுக்கு நினைவில்லை.

அப்பா இப்போது வகிக்கும் ஆளுநர் பதவிக்கு உங்கம்மா அவரையே எதிர்த்து நிற்கிறார் என்று செய்தி வந்த அன்று அப்பா தட்டைத் தொடவில்லை. "ஒரே கட்சி. நம்ம சமையலறையில உக்காந்து எத்தனை காபி குடிச்சிருப்பா மார்லிஸ்! இப்ப என் நாற்காலியே வேணுமாம்" என்றார். நம் மாநிலத்தில் ஜூனில் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில் ஜெயிப்பவர்தான் நவம்பர் பொதுத் தேர்தலிலும் ஜெயிக்கிறார். அதனால்தான் இத்தனை பதற்றம்.

நான் அப்பாவுக்குப் பேச்சு எழுதித் தருகிறேன். நீ உங்கம்மாவோடு ஊர் ஊராகப் போகிறாய். நாம் மட்டும் நாமாகவே இருப்போம், சரியா? உங்கப்பா எப்படி இருக்கிறார்? ஈஸ்டரின்போது நான் யாரென்று திரும்பத் திரும்பக் கேட்டாரே.

உன்
அன்னிகா


கார்ட்டர் க்ரீக்
மே 5

அன்பு அன்னிகா,

பக்கத்துப் பண்ணை ஆர்வின் வீட்டில் சனிக்கிழமை கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டார்கள். நாங்கள் போகவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். எங்கள் கன்றுகளுக்குச் சூடு போட அவர் கைகொடுக்க வருவார், அவருடையவற்றுக்கு நாங்கள் போவோம். காய்ச்சல் என்றாலும் வேலியோரம் நின்றாவது முகம் காட்டிவிட்டு வர வேண்டும். தீவனக் கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள்: "தேர்தல்ல நிக்கிற அம்மாவுக்கு மாட்டு நாத்தம் ஆகல போல!"

அன்று விடியும்போது அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம்தான் கண்டுபிடித்தோம். ஓடைப் பாலத்துக்கு அடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்து, "நல்லவேளை வந்தீங்கம்மா. என் பொண்டாட்டி தேடுவா" என்றார்.

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் விடமாட்டாள். "அவரக் காட்டி எனக்கு ஒரு ஓட்டும் வேணாம்" என்கிறாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன்னோடு போகட்டும்.

டெஸ்


தலைநகர்
மே 17

அன்புள்ள டெஸ்,

டிவியில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்திருப்பாய். ஆர்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எத்தனையோ வருஷப் பழக்கம். சூடு போட வரல. ஏன்னு ஒரு வார்த்தகூட இல்ல" என்கிறார். பிறகு அந்தக் கரகரத்த குரல்: 'பக்கத்து வேலிக்கே வராதவர் உங்கள் ஊருக்கு வருவாரா?'

விளம்பரம் எடுத்தவர்கள் முன்கூட்டியே என்னைக் கேட்டார்கள். "உனக்குத்தான் அந்த வீடு பழக்கமாச்சே. வராததுக்கு வேற காரணம் ஏதாவது இருக்கா? அப்புறம் நம்ம மூஞ்சில கரியப் பூசிடக் கூடாது." தெரியாது என்றேன். நீ கேட்டுக்கொண்டதுதானே? சொல்லியிருந்தால் உங்கப்பா மறுநாளே செய்தியாகியிருப்பார். வேறு என்ன செய்திருக்க முடியும்? நான் செய்தது சரிதான் என்று ஒரு வரி எழுது. தூக்கமில்லை.

உன்
அன்னிகா


கார்ட்டர் க்ரீக்
மே 22

அன்னிகா,

அது டிவியில் வந்தபோது நாங்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா கவனமாகப் பார்த்துத் தலையாட்டினார். "ஆர்வின் சொல்றது நியாயம்தானே. அக்கம்பக்கத்துல கூப்பிட்டா போக வேணாமா? யாரு அந்தப் பொம்பள?"

அம்மா அவருக்கு முட்டையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். "யாரோ ஒருத்தி" என்று சொல்லிவிட்டு மீதியையும் துண்டு போட்டாள்.

நான் ஆர்வினிடம் போய் உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். "வாயத் தொறந்தேன்னா வீட்டுக்குள்ள வராத" என்றாள்.

நான் கேட்டபடி வாயை மூடிக்கொண்டாய், சரி. 'பக்கத்து வேலிக்கே வராதவர்' என்று எழுதச் சொன்னது யார்? பள்ளிக்கூட நாட்களிலிருந்தே நீ எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் நான். எனக்கா தெரியாது?

டெஸ்


தலைநகர்
ஜூன் 4

டெஸ்,

ஆமாம். என்னுடையதுதான். எழுதும்போது யாரைப் பற்றி எழுதுகிறேன் என்ற நினைப்பே இல்லை. வரி நன்றாக வந்திருக்கிறது என்ற நினைப்புதான் இருந்தது.

நேற்று முடிவு தெரிந்ததும் அப்பாவை வாழ்த்த உங்கம்மா போன் செய்தார். அப்பா சட்டை மாற்றிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். "அன்னிகாவா? குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு? ஏதாவது சாப்டியா இல்லையா? சரி, அப்பாகிட்ட குடு." போனைக் கொடுத்துவிட்டேன். பிறகு மேடையில் அப்பா என் தோளில் கை போட்டு, "ஜெயிக்க வெச்ச வரி இவ எழுதினது!" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் சிரித்தேன். எல்லாப் படங்களிலும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை பொறுக்க முடியாமல் அப்பாவிடம் உங்கப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா விளம்பரத்த நிறுத்தியிருப்பீங்களா?"

வெகுநேரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "பாவம் கோர்டி. ஆபீஸ்ல சொல்லி ஒரு பூங்கொத்து அனுப்பச் சொல்றேன்" என்றார். நான் தடுப்பதற்குள் போனில் பெயரையும் நோயையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கம்மாவுக்கு உதவியிருக்கக்கூடிய நாட்களிலெல்லாம் காத்த ரகசியத்தை, யாருக்கும் பயனில்லாத நாளில், என் மனபாரம் குறைய வேண்டும் என்று போட்டு உடைத்தேன். பாரமும் குறையவில்லை. பூ வரும். வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடு.

அன்னிகா


கார்ட்டர் க்ரீக்
ஜூன் 10

அன்னிகா,

உன் கடிதத்துக்கு முன்பே பூ வந்துவிட்டது. ஆளுநர் முத்திரை போட்ட அட்டையில், 'கோர்டி விரைவில் குணமடைய' என்று இருந்தது.

அம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். யாரிடம் சொன்னாய் என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பூவைத் தண்ணீரில் வைத்தாள். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இப்போதெல்லாம் டாக்டரோடு போனில் பேசும்போது, "நீ கொஞ்சம் வெளியில இரு" என்கிறாள் அம்மா. நானும் போய் முற்றத்தில் நிற்கிறேன்.

எனக்கு இனி எழுதாதே. எழுதத்தான் வேண்டுமென்றால் அம்மாவுக்கு எழுது.

அதை மட்டும் நன்றாக எழுதாதே.

டெஸ்